நான் கழுவிய மாஸ்க்

2021 ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, மூச்சுத்திணறலோடு பரீனாவை எங்கள் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். அவளும் நானும் அந்த வார்டில் சேர்ந்து துப்புரவு வேலை செய்கிறவர்கள். அவளுக்குக் கட்டில் விரித்தவள் நான். அவள் இந்த நிலைக்கு வந்தது என்னால்தான் என்று என் மனம் சொன்னது. அது வேறு யாருக்கும் தெரியாது.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் சபையில் எழும்பி நின்று பேசாதவள். அதனால் இந்தச் சாட்சியை எழுதித் தருகிறேன். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கண்டிக்கு வந்து ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தேன். யாரிடமும் ஒன்றைக் கேட்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் கொண்டுவந்த வினைதான் இது.

அந்த நாட்களில் N95 மாஸ்க்குக்குத் தட்டுப்பாடு. ஆளுக்கு ஐந்துதான் கொடுத்தார்கள். ஒரு நாள் போட்டதைப் பெயரும் கிழமையும் எழுதிய கடதாசிப் பையில் வைத்து, சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட வேண்டும். அடுத்த வாரம் அதே கிழமையில் அதையே திரும்பப் போட வேண்டும். அதற்குள் கிருமி செத்துவிடும் என்றார்கள். இதைச் சொல்லிக்கொடுத்த அன்று நான் லீவு. மறுநாள் பரீனா பைகளைக் காட்டி விளக்கினாள். கழுவலாமா கூடாதா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கழுவாத ஒன்றை எப்படி மறுபடி முகத்தில் வைப்பது? துடைப்பம் வைக்கும் அறையில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஜன்னல் கம்பியில் காயவைத்துப் பையில் போட்டேன்.

என்னுடையதோடு நிறுத்தவில்லை. பரீனாவுடையதையும், நோயாளிகளை வண்டியில் தள்ளிப்போகும் சிறிசேன ஐயாவுடையதையும் கழுவிக்கொடுத்தேன். இப்போதுதான் மூக்குக்கு நல்ல வாசம் என்று ஐயா சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி மூன்று வாரம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாக வந்த ஒரு பிள்ளைக்கு, வார்டுக்குப் பொறுப்பான தாதி பெரிய மிஸ்ஸி, மாஸ்க் போடும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரும் சவர்க்காரமும் பட்டால் கிருமியைப் பிடித்து வைக்கும் சக்தி போய்விடும், அதற்குப் பிறகு அது வெறும் துணி என்றார். நான் தரை துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் முகத்தில் இருந்ததும் நான் கழுவியதுதான். மிஸ்ஸியிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். மறுநாள் பரீனாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. திங்கட்கிழமை அவளே வந்தாள், ஒட்சிசனோடு.

துணி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, பரீனாவைக் காப்பாற்றும். நான் செய்தது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டேன். ஆனால் அன்று இரண்டாவதைக் கேட்கத் தொடங்கும்போதே சிறிசேன ஐயா வெளியே வண்டி தள்ளிப்போகும் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் இருந்ததும் நான் கழுவியதுதான். அப்போது ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, எனக்கு வாயைத் தாரும்."

புதன் காலை ஐயா ஆணியிலிருந்து தன் பையை எடுத்தார். மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோனார்.

"ஐயா, அதப் போடாதீங்க."

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. வார்டில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. மிஸ்ஸி திரும்பிப் பார்த்தார். தெரிந்த சிங்களத்தில், அழுதுகொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ்ஸி எத்தனை பேருடையது என்று மட்டும் கேட்டார். பிறகு எங்கள் பைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டு, அலுமாரியில் இருந்த கடைசிப் பெட்டியைத் திறந்து புதிதாகத் தந்தார். கழுவக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லாதது தன்னுடைய பிழையும்தான் என்றார். ஐயாவையும் என்னையும் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு பேருக்கும் நோய் இல்லை. மூன்று வாரம் வெறும் துணியோடு நின்றவர்களைக் காத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

பரீனா இன்னும் எழும்பவில்லை. மூன்று நாள் அவள் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஜெபித்தேன். சனிக்கிழமை ஒட்சிசனைக் கழற்றினார்கள். அவள் எழும்பி உட்கார்ந்து பிளேன் டீ கேட்டாள். கொடுக்கும்போதே அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அவள் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "எங்கட வீட்டுலயும் எல்லாருக்கும் காய்ச்சல்தானே அக்கா. எதால வந்ததெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீங்க எனக்கு நல்லதுக்குத்தானே செஞ்சீங்க." டீயைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஆனா இனி என்ட சாமான் ஒண்டையும் கழுவ வாணாம்."

அழுகையோடு சிரித்தேன். அந்த டீக்கோப்பையைக்கூடக் கழுவலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

மறைத்துவிடும் என்று நான் கேட்டதைக் கர்த்தர் தரவில்லை. அதற்காகத்தான் இன்று அதிகமாக நன்றி சொல்கிறேன். உங்களிலும் என்னைப்போல வாய் திறக்கப் பயந்து எதையோ மனதில் பூட்டி வைத்திருக்கிறவர்கள் இருக்கலாம். முதலில் அவரிடம் சொல்லுங்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவர்களிடம் போக அவரே பெலன் தருவார்.

நான் உண்மையைச் சொன்ன அன்றே மிஸ்ஸி அந்த ஆணிகளுக்கு மேலே ஒரு மட்டையில் கழுவக்கூடாது என்று சிங்களத்தில் எழுதி, தமிழில் எழுதும்படி என்னிடம் பேனையைக் கொடுத்தார். எழுதினேன். அதன் கீழே, அவர் சொல்லாமலே, இன்னொரு வரியும் சேர்த்தேன்: தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.