பாதியான நம்பரும் ஆரஞ்சு மாத்திரையும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச் சபையில் என் வீட்டுக்காரர் எல்லார் முன்னும் எழுந்து சாட்சி சொன்னார். ஒரே மாதத்தில் இரண்டாவது சாட்சி. முதல் தடவை மைக்கை விடவே இல்லை. இந்தத் தடவை மைக்கே வேண்டாம் என்றுவிட்டார்.

விஷயம் இதுதான். போன வருஷம் அவருக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். புரோஸ்டேட்டில் கோளாறு இருந்தால் ஏறிக் காட்டுகிற நம்பர் அது. 5.7 என்று வந்தது. புற்றுநோயோ என்று சதை எடுத்துப் பார்த்து, இல்லை என்றார்கள். ஆனாலும் நம்பர் ஏறுகிறதா என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதமும் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

மறுபடி பார்த்தோம். 2.9. பாதி!

இவருக்குத் தலைகால் புரியவில்லை. கல்வராயன் மலையில் வாங்கிய கடுக்காய்ப் பொடியை மூன்று மாதமாகக் குடித்துக்கொண்டிருந்தார். லேப் ரிப்போர்ட் வந்த ஞாயிறே ஆண்டவருக்கும் கடுக்காய்க்கும் நன்றி சொல்லி இருபது நிமிஷம் சாட்சி. பாஸ்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மறுவாரம் பாதிச் சபை கடுக்காய் குடித்தது.

அதற்கப்புறம்தான் டாக்டரைப் பார்த்தோம். அவர் சிரிக்கவே இல்லை. தானாக இவ்வளவு இறங்காதே... வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். இல்லவே இல்லை என்று இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு அது போதாதா?

வீட்டிலிருக்கிற எல்லா மாத்திரையையும் ஆஸ்பத்திரி ஃபார்மசிஸ்ட்டிடம் கொண்டுவந்து காட்டச் சொன்னார் டாக்டர். மறுநாள் மாத்திரை போட்டு வைக்கிற எங்கள் பிஸ்கட் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு, இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே? முழு அட்டையா வாங்குகிறோம் நாம்? மூன்று கொடு, ஐந்து கொடு என்போம். கடைக்காரர் கத்தரியால் வெட்டித் தருவார். பேரும் தேதியும் கடையிலேயே நின்றுவிடும். நமக்கு வருவது நிறம் மட்டும்தான்.

வெள்ளை பிரஷருக்கு, மஞ்சள் வாயுக்கு, ரோஸ் எதற்கென்று மறந்துவிட்டது — நான் சொல்லச் சொல்ல அந்த ஃபார்மசிஸ்ட் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள். கடைசியில் சின்னதாக ஒரு ஆரஞ்சு மாத்திரை. சத்தியமாக என்னுடையதில்லை.

"இது இன்னாங்க?" என்று இவரைக் கேட்டேன்.

ஃபேனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "முடிக்கு" என்றார்.

தை மாதம் எங்கள் மகள் கல்யாணம். போட்டோவில் வழுக்கை தெரியக்கூடாதாம். ஆறு மாதமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் வாங்கி, நான் தினமும் கையை விட்டு எடுக்கிற டப்பாவிலேயே ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷன்!

அந்தப் பெண் மெடிக்கலுக்கு போன் போட்டு மருந்தின் பேரைக் கேட்டாள். இந்த மருந்து பி.எஸ்.ஏ. நம்பரைப் பாதியாக்கிவிடுமாம். உள்ளே ஏதாவது வளர்ந்தாலும் ரிப்போர்ட் நல்ல பிள்ளையாகவே இருக்குமாம். இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பேனாவைத் திறந்தாள். எத்தனையோ கணக்குப் போட்டவள் நான். அன்றைக்கு இரண்டு பெருக்கல் 2.9 எனக்கு வரவில்லை.

5.8. அதோடு டாக்டரிடம் போனோம். கிட்டத்தட்ட பழைய நம்பர்தான், பயப்பட ஒன்றுமில்லை, முடி மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தேன்.

பைக்கில் ஏறும்போது இவர் மெதுவாக, "யோபு அண்ணன் மாத்திரைய நிறுத்திட்டாரே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோபு அண்ணன் எங்கள் சபைக்காரர். வடக்கனந்தலில் மரவள்ளி போடுகிறவர். அவருக்கும் புரோஸ்டேட் தொந்தரவு. இவர் சாட்சியைக் கேட்டுத் தன் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடுக்காய்க்கு மாறியிருந்தார். உடனே போன் போட்டார் இவர். அண்ணன் நம்பவில்லை.

"ஆண்டவர் சந்நிதில சொன்னத போன்ல மாத்துறியே தம்பி. அங்கியே வந்து சொல்லு, நம்புறேன்."

அதுதான் போன ஞாயிறு. இவர் எழுந்து நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டது.

"நம்பர் கொறஞ்சது கடுக்காயால இல்லீங்க. முடி மாத்திரை சாப்ட்டுக்கினு இருந்தேன். டாக்டர்கிட்ட மறைச்சிட்டேன். யாரும் உங்க மாத்திரைய நிறுத்தாதீங்க."

உட்கார்ந்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன்மேல் எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. யோபு அண்ணன் அன்றைக்கே தன் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், நாலு பேர் இவரை வேப்பமரத்தடிக்கு ஓரங்கட்டிக்கொண்டு போகிறார்கள். யோபு அண்ணனும் அதில் ஒருவர். முடி மாத்திரையின் பேர் வேண்டுமாம்!

"பேரு தெரியலீங்க... சின்னதா, ஆரஞ்சு கலர்ல இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.