திருகாணி கலக்கிய கறைநீர்

அவளுக்குக் குடும்பத்தார் வைத்த பட்டப்பெயர் திருகாணி. அவள் மூடிய டப்பாவைத் திறப்பதற்குள் பசித்தவனுக்குப் பசியே மறந்துவிடும் என்பார்கள். சலவைக்கடையில் கறை நீக்கும் மேசையருகே காலமெல்லாம் நின்றவள். காற்றுப் பட்டால் எதுவும் கெடும் என்பது அவள் கண்ட வேதம். துணிந்து செய்தவற்றைவிட அஞ்சி விலக்கியவையே அவள் வாழ்வில் அதிகம். வேலைக்குத் திரும்பிய மருமகள் கைக்குழந்தையைத் தன்னிடம் ஒப்படைத்தபோது, அதை வரமாகவும் பாரமாகவும் ஒருசேர ஏற்றாள்.

குழந்தைத் துணிகளின் கறைக்கு அவளே ஒரு கலவை செய்தாள்: புண் கழுவும் பெராக்சைடு, சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம். கலந்த கையோடு தேய்த்தால் கறை போன இடம் தெரியாது. மறுநாள் எடுத்தாலோ வெறும் தண்ணீர். அளவை மாற்றிப் பார்த்தாள், புதுச் சோடா வாங்கிப் பார்த்தாள், பலனில்லை. நுரையாய் வெளியேறும் காற்றோடுதான் வீரியமும் போகிறது என்று முடிவுகட்டினாள். ஒரு காலையில் பாட்டில் நிறைய ஊற்றி, பலங்கொண்ட மட்டும் திருகி, வெளிச்சம் படாத இடம் தேடித் தொட்டிலை ஒட்டிய துணி அலமாரிக்குள் வைத்தாள்.

பிற்பகலில் அவளைப் பார்க்க வந்த தங்கையின் காதில்தான் அந்த 'டொக்' ஒலி முதலில் விழுந்தது.

"அக்கா, அலமாரிக்குள்ள யாரை வச்சுப் பூட்டியிருக்க?"

திருகாணி கதவைத் திறந்தாள். பிளாஸ்டிக் பாட்டில் உப்பி, அடிப்பாகம் பிதுங்கி, நிற்கமாட்டாமல் சுவரில் சாய்ந்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் குழந்தை உறங்கியது. கதவை மெல்லச் சாத்தினாள்.

"மூடியத் திறந்துவிடேன்."

"தொட்டா வெடிக்கும்டி."

"அப்ப பிள்ளையத் தூக்கு. நான் எட்ட நின்னு உனக்குத் தைரியம் சொல்றேன்."

தொட்டிலை இழுத்தால் அலமாரி அசையும். ஆகவே அலமாரிக்கு முதுகைக் கொடுத்து, குழந்தையின்மேல் கவிழ்ந்தாற்போல் குனிந்தாள். வருவது தன் முதுகோடு போகட்டும் என்று வாய் முணுமுணுத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். தங்கை கையைப் பிடித்து இழுக்க, வாசலைத் தாண்டி மாடிப்படியை எட்டினாள். உள்ளே இடி விழுந்தாற்போல் ஓர் ஓசை. குழந்தை வீறிட்டது.

தங்கை எட்டிப் பார்த்துத் திரும்பினாள். "அலமாரிக் கதவுதான் போச்சு. உன் மருமக கேட்டா, தண்ணி பாட்டில் உடைஞ்சுதுன்னு சொல்லிடு."

"தண்ணி பாட்டில் கதவ உடைக்குமா?"

"நீ மூடினதுன்னா நம்புவா."

திருகாணிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. உண்மை தெரிந்தால் மருமகள் குழந்தையை இனித் தன் கையில் தருவாளா என்ற எண்ணமே ஓடியது.

வேலை முடிந்து மருமகள் படியேறி வந்தாள். "ஏன் அத்தை, இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"சும்மா, காத்துக்கும்மா."

"இருங்க, கை கழுவிட்டு வந்து வாங்கிக்கறேன்."

அவள் சமையலறைப் பக்கம் நடந்தாள். அப்போதுதான் திருகாணிக்குப் பகீரென்றது. மிஞ்சிய கலவையை ஊற்றி, பாத்திரத் தொட்டிக்கு அடியில் வைத்த இன்னொரு பாட்டில். அது கண்ணாடி. அதை இன்னும் இறுக்கியிருந்தாள்.

"உள்ள போகாதம்மா." குரல் தன்னுடையதாகவே இல்லை. "அலமாரிக்குள்ள ஒரு பாட்டில் வெடிச்சிடுச்சு. நான்தான் கறைமருந்து கலந்து, தொட்டில் பக்கத்துல வச்சேன். இன்னொன்னு அங்க இருக்கு. கண்ணாடி."

மருமகளின் முகம் வெளுத்தது. திரும்பி வந்து குழந்தையை வாங்கி, கைகால்களைத் தடவிப் பார்த்தாள். திருகாணி தலையை நிமிர்த்தவில்லை.

"எல்லாரும் கீழ போயிடலாம். அது வெடிச்சா வெடிக்கட்டும்," என்றாள் மருமகள். "எழுந்திருங்க, அத்தை."

திருகாணி எழுந்தாள். மருமகள் ஒரு தோளில் குழந்தையைச் சாய்த்து, மறுகையால் அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். அந்தப் பிடியில் கோபம் இருந்தது. ஆயினும் தெரு வரையில் பிடி தளரவில்லை.