சுகந்தியின் பீங்கான் பெட்டியும் சிவபாதத்தின் கைகளும்

இன்று 1996 மார்ச் ஒன்பதாம் திகதி. எனக்கு எழுபத்து மூன்று வயதும் நான்கு மாதங்களும். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில் தேநீர் வடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஒன்பதாம் மாடியிலிருந்து பவளம் பேசினார். "ரீச்சர், இவர் போயிட்டார்." அவருடைய கணவர் திரு. சிவபாதம் அவர்கள் நித்திரையிலேயே காலமாகியிருந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்றார் பவளம். பட்டம் பெற்ற ஆசிரியை எழுதினால் நன்றாயிருக்குமாம். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "அந்தப் பெட்டி உடைஞ்ச கதையை மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அவருக்கு அது பெரிய வெக்கம்."

அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

சிவபாதம் அவர்கள் ஊரில் கச்சேரி எனும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ரொறன்ரோவில் ஒரு பழம்பொருட் கடையின் பின்னறையில் பொதி கட்டினார். கட்டிய பொருட்களைப் பார்த்துப் பார்த்தே பீங்கானைப் படித்தவர். ஓய்வுபெற்றபின், டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்க் கூடத்தில் சனிக்கிழமைகளில் கூடும் முதியோர், தத்தம் வீட்டுப் பொருட்களை அவரிடம் நீட்டுவார்கள். மில்லிக்கன் பகுதியிலிருந்து ஒருவர், ஒல்லாந்தர் காலத்தது என்று ஒரு தட்டைப் பட்டுத்துணியிற் சுற்றிக் கொண்டுவந்தார். சிவபாதம் அவர்கள் அடிப்புறத்தை வாசித்தார். "அண்ணை, ஒல்லாந்தன் அந்தக் காலத்திலேயே மைக்ரோவேவ் பாவிச்சிருக்கிறான்." கொண்டுவந்தவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

விரிசல் பார்க்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சட்டைப்பையிலுள்ள திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்துப் பீங்கானிற் பூசி ஊதுவார். கண்ணுக்குத் தெரியாத கீறலில் நீறு தங்கி வெள்ளைக் கோடாய் நிற்கும். பக்திமான்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "நெத்தியிலை பூசினால் மட்டும் உள்ளுக்குள்ளை இருக்கிறது தெரியவோ போகுது?" என்று கேட்டார்.

இரண்டாண்டுகளுக்கு முன் என் மருமகள் சுகந்தி ஒரு சிறு நகைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். கருநீலப் பீங்கான், மூடியில் ரோசாப்பூ, பொன்விளிம்பு. அவள் பராமரித்த முதிய கனேடியப் பெண்மணி கையிற் பொத்திக் கொடுத்தது. பழையதா, போலியா என்று அறிய அவளுக்கு ஆசை. நான் அருகில் அமர்ந்திருந்தேன்.

"அசல்தான், பிள்ளை. நூறு வருசத்துக்குக் குறையாது" என்றார். சுகந்தி கைதட்டினாள். பிறகு அவர் நீற்றைப் பூசி ஊதினார். மூடியின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. பெருவிரலால் மெல்லத் தடவினார். மூடி இரண்டாகி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"ஐயோ அங்கிள், முழுசாயெல்லே கொண்டுவந்தனான்!"

உடைந்த ஓரத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "வயது போனால் கை சொல்வழி கேளாது, சிவபாதம்." கூடம் சிரித்தது.

"ஓம் பிள்ளை, என்ரை கை பிசகிப்போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அதன்பின் எவரும் அவரிடம் எதையும் கொடுக்கவில்லை. ஒருமுறை தானாகவே ஒரு கிண்ணத்துக்குக் கை நீட்டினார். உரியவர் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கைகள் மேலங்கிப் பைகளுக்குள்ளேயே இருந்தன. இறுதிக் கிரியையின்போதுதான் அவற்றை மறுபடி பார்த்தேன். நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். சிறிதும் நடுங்காத, நகம் சீராக வெட்டிய கைகள்.

பவளத்துக்கும் சுகந்திக்கும் இந்த மலரை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்தப் பெட்டியை உடைத்தவள் நான். மருமகள் அதற்குள் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்க்கத் திறந்தபோது மூடி கைநழுவியது. உள்ளே இருந்தவை இரண்டு சட்டைப்பின்கள். செருப்பு ஒட்டவென்று சிவபாதம் அவர்களிடமே பசை வாங்கி வந்து ஒட்டிவைத்தேன்.

அவருக்குத் தெரியும். கூடத்தில் மூடி இரண்டான அன்று, மின்தூக்கியில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தபோது, கதவைப் பார்த்தபடி சொன்னார்: "ரீச்சர், அந்தப் பசை செருப்புக்கு நல்லது. பீங்கானுக்குக் காணாது."

"நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை" என்றேன்.

போய்வாருங்கள், சிவபாதம் அவர்களே. எனக்கு விளங்கியது.