அந்த மனு என் கையெழுத்து

பிலோமினா ரீச்சர் இன்று காலை பேசாலையில் போய்விட்டாள். தொண்ணூற்றிரண்டு வயது. என்னைவிட ஒரு வயது மூப்பு... அதிலும் அவள்தான் முன்னுக்கு.

காலையிலிருந்து பேஸ்புக்கைத் திறந்தால் அவள் முகம்தான். ஆசிரியர் சங்கத்து மன்னார்க் கிளைக்கு நாற்பது வருடம் செயலாளர், பெண் ஆசிரியர்களுக்கெல்லாம் தாய்... லைக் மேலே லைக். எனக்கு வயிறு எரிகிறது. இந்த வயதிலும் எரிகிறது, என்ன செய்ய?

அதோடு அந்தப் பழைய மனுவின் படத்தையும் ஷேர் பண்ணுகிறார்கள். "ரீச்சரின் முத்தான கையெழுத்து" என்று ஒருவர் கொமென்ட் போட்டிருக்கிறார். முத்தாம்!

சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் போகப்போகிற காலம். நானும் பிலோவும் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். கலியாணம் முடித்தால் ரீச்சர் வேலையை விட வேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூடங்களை நடத்திய மனேஜர் வைத்த சட்டம்.

அதை எடுக்கச் சொல்லி, சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து அவருக்கு மனுக் கொடுத்தோம். எனக்கு அப்போது கலியாணம் பேசி முற்றாகியிருந்தது.

கையொப்பங்களை வட்டமாகப் போட்டோம். முதல் பெயர் யாருடையது என்று தெரிந்தால் அவளுக்குத்தானே அடி விழும்... அந்த யோசனை பிலோவுடையது, எல்லாரும் அவளை மெச்சினார்கள். இரண்டு நாள் இருந்து மனுவை எழுதியவள் நான். ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இத்தனை கெட்டிக்காரிகளும் ஒன்றை மறந்துபோனோம். வெள்ளிக்கு வெள்ளி எங்கள் பாடக்குறிப்புக் கொப்பிகளைப் பார்க்கிறவர் அதே மனேஜர்தான். எங்கள் எழுத்தெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

என்னையும் பிலோவையும் கந்தோருக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். மேசையில் மனு, பக்கத்தில் எங்கள் இரண்டு கொப்பிகள். ஒரே மடத்துச் சிஸ்டரிடம் எழுத்துப் பழகியவர்கள் நாங்கள், அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். (அவளுடையது கொஞ்சம் சரியும். யார் கவனித்தார்கள்?)

"இதை எழுதின ஆள் எழும்பும்" என்றார்.

எனக்குக் கலியாணம்தான் கண்ணுக்குள் வந்தது. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன்.

பிலோ எழும்பினாள். "நான்தான் எழுதினனான்."

அடுத்த கிழமையே அவளுக்குக் கொண்டச்சிப் பக்கத்துக் காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம். ரெயிலில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து மாட்டுவண்டில். பேசாலை ஸ்டேசனில் சங்கத்துப் பெண்கள் அழுதழுது மாலை போட்டார்கள். என் கழுத்தில் விழவேண்டிய மாலை... நானும் நின்று கை காட்டினேன்.

அந்த மாற்றத்தோடுதான் சங்கம் கொதித்தது. மனேஜர் இறங்கி வந்தார். கலியாணம் முடித்தும் வேலையில் இருந்த முதல் ரீச்சர் நான், அதற்கும் பேர் அவளுக்கு. அவளோ கடைசிவரை கலியாணமே முடிக்கவில்லை.

அவள் பென்சன் எடுத்த அன்று, சங்கம் அந்த மனுவைக் கண்ணாடிப் பிரேம் போட்டுக் கொடுத்தது. மேடையால் இறங்கி நேரே என்னிடம் வந்தாள். காதுக்குள் சொன்னாள்.

"உன்ர எழுத்து இப்பவும் வடிவாத்தான் கிடக்கு, ரோசு."

எவ்வளவு நல்லவள் பாருங்கள்... அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

இதையும் ஷேர் பண்ணுங்கள். அந்த மனு என் கையெழுத்து. எழும்பினது அவள்.

போய் வா பிலோ. நாளைக்குக் கோயிலுக்கு வருகிறேன்.

அவள் வீட்டு ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால்... எனக்குக் கதிரை போட வேண்டாம். நிற்பேன்.