வெந்நீர் பாட்டில்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் பெட்டியை ஒட்டிய சீட்டில் உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள். அனல் அடிக்கும். நான் மட்டும் அந்த இடத்துக்காக முண்டியடித்து ஏறுவேன். வயிற்றை அந்தப் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்தால் பாதி வழிக்குள் வலி கொஞ்சம் தளரும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த சாலை அது. எந்தப் புளியமரம் தாண்டினால் எந்தக் குழி வரும் என்று டிரைவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். குழிக்கு முன்னாலேயே மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

எழுபதுகளின் கடைசி அது. அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. என் கணவர் பெரம்பலூரிலேயே குமாஸ்தா. இரண்டும் பெண் குழந்தைகள். இரண்டாவது பெண்ணை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், திருச்சியில். தையல் ஆறியது. எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து உள்ளே ஓர் இழுவை ஆரம்பித்தது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். பிறகு அது போகவே இல்லை.

"உள்ள ஆறின தழும்பு குடலோட ஒட்டிக்கிட்டிருக்கும்மா. அறுத்து விடலாம், திரும்பவும் ஒட்டிக்கும். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, கனம் தூக்காதீங்க" என்றார் டாக்டர்.

கனம் தூக்காமல் இருக்க நான் என்ன ஜமீன் வீட்டுப் பெண்ணா? காலையில் கிணற்றுத் தண்ணீர், மாவாட்டல், பிறகு பஸ், பிறகு நாள் முழுக்க டைப் மெஷின். எங்களோடு இருந்த மாமியாருக்கு டாக்டர் சொன்னதெல்லாம் ஏறவில்லை. "நாங்கள்லாம் புள்ள பெக்கலையா? வவுத்துல சூடு" என்பார். ஒரு தடவை குடல் ஏறிவிட்டது என்று ஒரு அம்மாவை அழைத்து வந்து விளக்கெண்ணெய் போட்டு வயிற்றை வழித்துவிடச் சொன்னார். இரண்டு நாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கும் திட்டு விழுந்தது.

அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். பாவாடை நாடாவைத் தழும்புக்கு மேலே தளர்த்திக் கட்டினேன். சோற்றைக் குழைய வடித்து நான்கு வாய் சாப்பிட்டேன். காலியான டானிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, ஆபீசில் மடியில் வைத்துக்கொண்டு டைப் அடித்தேன். வலியைவிட, வலியை மறைக்கிற வேலைதான் என்னை அதிகம் களைக்க வைத்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் ஆபீசுக்கு ஆபீஸ் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் கேட்டார்கள். என் கணவர் செய்துகொண்டார். திருச்சியில் ஆபீஸ் வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார், காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் படுத்தார். பேரனுக்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் வேறு என்ன சொல்வது? அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு பங்குனியில் வலி முற்றியது. வயிறு உப்பிவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மாதவிலக்கும் தள்ளிப்போனது. கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைக்கப் போனபோது மாமியார் வந்து நின்றார்.

"எத்தன நாளு தள்ளிப் போயிருக்கு?"

"பத்து நாள் இருக்கும் அத்தை."

"கொடத்த கீழ வை" என்றார். அவரே தூக்கிக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு வருடமாக வலிக்குக் கிடைக்காத ஓய்வு, இல்லாத பிள்ளைக்குக் கிடைத்தது. அவரே மாவாட்டினார். அவரே கஞ்சி வைத்துக் கொடுத்தார். "இந்தத் தடவ பையன்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறந்து இல்லை என்றும் சொல்லவில்லை. உடம்பு அவ்வளவு ஓய்ந்திருந்தது. என் கணவர் சொல்வார் என்று நான் இருந்தேன்.

அவர் சொல்லவில்லை. என்னோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தினமும் காலையில் என்னை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடுவது வழக்கம். ஒரு நாள் வாழைப்பழக் கடை முன்னால் நின்று கேட்டார்.

"லேடி டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிக்கலாமா?"

"எதுக்கு?"

"சும்மா. நிச்சயம் பண்ணிக்கலாம்னு."

"எத நிச்சயம் பண்ணணும்?"

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய சந்தேகம் எனக்குப் புரிந்தது. வயிற்றில் அவ்வளவு வலி இருந்தும் அந்த நிமிஷம் அது தெரியவில்லை.

"முதல்ல உங்க ஆபரேஷன உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. அப்புறம் நான் எந்த டாக்டர்கிட்டயும் வரேன்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். இன்ஜின் பெட்டி ஓரத்து சீட் காலியாக இருந்தும் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏன் என்று தெரியவில்லை, கோபம்தான். அரியலூர் வரைக்கும் எல்லாக் குழியும் வயிற்றில் விழுந்தது.

மூன்றாம் நாள் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே விலக்கானேன். வீட்டுக்கு வந்து, எங்கள் வழக்கப்படி பின்கட்டில் பாயும் தட்டும் டம்ளருமாகத் தனியே ஒதுங்கி உட்கார்ந்தேன். மாமியார் பார்த்துவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் என் கணவர் வந்தார். வாசலில் நின்று அந்தப் பாயைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே இளகியது. என் வார்த்தை செய்ய முடியாததை அந்தப் பாய் செய்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த எரிச்சல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான்காம் நாள் காலை தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"அப்ப வெறும் வலிதானா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை."

"அரிசி ஊறுது. பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்ன ஆட்டிப்புடு."

ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தேன். கல் இரண்டு சுற்று சுற்றியதும் இழுவை வந்துவிட்டது. அப்போது என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் அந்த டானிக் பாட்டில். வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"இப்ப நம்புறீங்களா?" என்றேன்.

"நம்பலைன்னு நான் எப்ப சொன்னேன்?"

சொல்லவில்லைதான். மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு பாட்டிலை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வலி கேட்டது, வாங்கினேன். அவருக்காக வாங்கவில்லை.