வார்னிஷ் அடித்த வேம்பு

செடிகளைப் பற்றி எழுதுகிறவனுக்குக் கண் இருக்க வேண்டும். எனக்கு இருந்ததெல்லாம் வாய் மட்டும்தான். அந்தப் பனியன் கம்பெனித் தோட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு பத்திரிகையில் தோட்டம் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதுகிறேன். மாடியில் தக்காளி, தொட்டியில் மல்லிகை, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய், இந்த மாதிரி. அந்தக் கம்பெனி முதலாளி ஒருநாள் போன் செய்தார்.

"உங்க பக்கத்த எங்கூட்ல எல்லாரும் படிப்போமுங்க. நம்ம கம்பெனித் தோட்டத்த ஒருக்கா வந்து பாருங்க."

புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளர்கள் இருக்கலாம். நான் மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் ஓர் இலைகூடப் பழுக்காமல் ஒன்றுபோலப் பூத்திருந்தன. எந்தத் தோட்டமும் அப்படிப் பூக்காது. மண்ணில் ஒரு விரலை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானோ இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் பளபளவென்று வட்டமாக ஒரு மர இருக்கை. அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டேன். உழைப்பவர்கள் இளைப்பாற ஒரு சோலை என்று கூசாமல் எழுதினேன்.

அது வெளிவந்த வாரம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அதே கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். லைன் வீட்டு மாடியில் பெயின்ட் வாளிகளில் தக்காளி வைத்திருக்கிறார். சுருண்டுபோன இலை ஒன்றைக் காட்டி மருந்து கேட்டார். சொன்னேன். போகாமல் நின்றார்.

"சார், நீங்க உக்காந்து போட்டோ எடுத்தியல்லா, அது பெஞ்சு இல்ல. வேப்பமரத்து மூடு, வெட்டுன அடிக்கட்ட. நாங்க அந்த மரத்துக்கு அடியிலதான் சோறு திம்போம். துணி வாங்குத வெளிநாட்டுப் பையர் வாராவ, தோட்டம் காட்டணும்னு வெட்டிட்டாவ. செடியெல்லாம் வாடகைக்கு எடுத்தது. பையர் போன மறுநாளே வண்டில ஏத்திட்டாவ. இப்ப ஜெனரேட்டர் ரூம் ஓரத்துலதான் உக்காருதோம். அங்க மரம் நின்னுச்சு, வெட்டிட்டாவன்னு ஒரு வரி எழுதுங்க சார். நீங்க எழுதுனா நம்புவாவ."

அவர் போனதும் கிளம்பினேன். தோட்டம் இருந்த இடத்தில் வெறும் குழிகள். செடிகளை நர்சரிப் பையோடு குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தூவி, வேலை முடிந்ததும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். மறந்துவிட்டுப்போன ஒரு நந்தியாவட்டை மட்டும் கறுப்புப் பைக்குள் காய்ந்து கிடந்தது. இதற்கா நான் உச்சி குளிர்ந்தேன் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வார்னிஷ் அடித்த அந்த அடிக்கட்டையைச் சுற்றி, மண்ணை ஒட்டிச் செம்பு நிறத்தில் வேப்பந்தளிர் கிளம்பியிருந்தது. பின்னாலேயே முதலாளி வந்துவிட்டார். அவரிடம் துளி வெட்கம் இல்லை.

"நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சுங்க. இந்தக் கட்ட கிள்ளக் கிள்ளத் துளிர்க்குதுங்க. அடுத்த மாசம் மறுபடியும் பையர் வர்றாங்க. அடியோட பட்டுப்போறாப்ல ஏதாச்சும் மருந்து சொல்லுங்க."

சாகடிக்கிற மருந்து எனக்குத் தெரியும். கன்னத்தில் அறைவதுபோல நாலு வார்த்தையும் வாய்வரை வந்தது. ஆனால் திட்டிவிட்டுப் போனால் அன்றைக்கே அந்தத் தளிரில் ஆசிட் ஊற்றுவார் என்றும் தெரியும்.

"இத விட்டுடுங்க. அடுத்த வாரம் இந்தத் தளிரப் பத்தித்தான் எழுதப் போறேன். பையருக்கே காட்டலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீங்களா? போட்டோவும் வருமுங்களா?"

போட்டோவும் வந்தது. வெட்டுப்பட்ட வேம்பு எப்படித் துளிர்க்கும், எந்தக் கிளையை விட்டு எதைக் கழிக்க வேண்டும் என்று பக்கம் நிறைய எழுதினேன். வெட்டியது யார் என்று எழுதவில்லை. எழுதினால் தளிர் இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி, என் முதல் கட்டுரை பொய் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் போன் செய்தார்.

"சார், அந்த வேப்ப மூட்டச் சுத்தி வேலி போட்டுட்டாவ. தண்ணியும் ஊத்துதாவ. ஆனா நான் கேட்ட அந்த ஒரு வரிய விட்டுட்டியளே?"

"தக்காளி எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.