ஆடிட்டர் சொன்ன பாதி வருஷம்

விருதுநகரில் நான் பார்த்த அந்த ஆடிட்டர் மெலிந்த மனிதர். வரி கட்டும் சீசனில் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. கைக்குட்டையை நனைத்துக் கண்ணில் ஒற்றியபடியேதான் எல்லாரிடமும் பேசினார். அவர் என்னைப் பார்க்காததால்தான் எனக்கும் வாய் வந்தது.

ஜெர்மனியில் குடியிருக்கும் என் மகன் வைகாசிக் கடைசியில் எம். புதுப்பட்டிக்கு வந்திருந்தான். ஜெர்மன் கம்பெனி வேலையை எங்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்தான். பாதி வருஷத்துக்கு மேல் இங்கே தங்க வரிச் சட்டம் விடாது, கார்த்திகையில் போயாக வேண்டும் என்றான். எனக்கு அவன் பொங்கலுக்கு இருக்க வேண்டும். பட்டாசுத் தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தீபாவளிக்கு மறுநாள் புது வருஷம்; அதோடு அவன் நாள் கணக்கும் புதிதாகத் தொடங்கும் என்று நினைத்தேன்.

"தீபாவளியோட புதுக் கணக்குதானேய்யா?" என்று மகன் விவரத்தைச் சொல்லி ஆடிட்டரிடம் கேட்டேன்.

"சர்க்காருக்குப் பங்குனியிலதான் வருஷம் முடியும் ஆத்தா."

"அப்ப போயித்தான் ஆகணுமா?"

"யாரு சொன்னா? தாராளமா இருக்கலாம். இருந்தா அந்தச் சம்பளத்துக்கு இங்கயும் வரிக் கணக்குக் காட்டணும். அங்க கட்டுனதக் கழிச்சுக்கிடலாம். கொஞ்சம் அலைச்சல், அம்புட்டுதான்."

"பெறகு ஏன் சட்டம் விடாதுன்னான்?"

கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வரின்னா படிச்சவகளுக்கும் பயந்தான் ஆத்தா. காபி சாப்பிடுறீகளா?"

வேண்டாமென்று எழுந்துவிட்டேன். மகன் கார்த்திகையில் கிளம்பினான். நான் எதுவும் கேட்கவில்லை. அவன் பயந்துதான் அப்படிச் சொன்னான் என்று அந்த மனிதர் நிஜமாகவே நினைத்தாரா, என் மனசு நோகக் கூடாதென்று சொன்னாரா என்பது இன்றைக்கும் விளங்கவில்லை.